செயலாளர் ஆண்டறிக்கை: சாஃப்ரன் வால்டன் (எசெக்ஸ், இங்கிலாந்து) ஊர் வரலாற்று வட்டம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சந்தையைப் பற்றியே இந்த ஆண்டு படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். 1141இல், இங்கிலாந்து அரியணைக்குப் போட்டியிட்ட பேரரசி மட்டில்டா தந்த பட்டயத்தின் பேரில், ஜெஃப்ரி டி மாண்டவில் பிரபு பக்கத்து நியூபோர்ட்டில் நடந்த சந்தையை இங்கே கொண்டுவந்தார். பின்னர் ஊருக்குச் சிப்பிங் வால்டன் என்று பெயர் வழங்கியது. சிப்பிங் என்றால் சந்தை. இன்றும் செவ்வாய், சனிக்கிழமைகளில் சதுக்கத்தில் கடை விரிக்கிறார்கள். ஊரின் பழமைக்குச் சாட்சி எது என்று கேட்பவர்களுக்குப் பலரும் கோட்டையைக் காட்டுகிறார்கள். நான் சந்தையைத்தான் காட்டுவேன். கோட்டை இடிந்து கிடக்கிறது. சந்தை இன்னும் கூடுகிறது.

ஊரின் பெயரைச் சாஃப்ரன் வால்டன் என்று மாற்றியது குங்குமப்பூ; ஆங்கிலத்தில் அதுதான் சாஃப்ரன். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் இங்கே பயிரிட்டார்கள். அக்டோபரில் உறுப்பினர் ஒருவர் தம் தோட்டத்தில் நட்ட கிழங்குகள் பூத்துவிட்டதாகச் சொல்லி அழைத்தார். விடிகாலையில் போய்ப் பறித்தோம். பூவுக்கு மூன்றே சிவப்பு இழைகள். இதழை ஒதுக்கி ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்ததில் விரல்நுனியெல்லாம் மஞ்சள். உலர்ந்தபின் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூக்களாவது வேண்டும் என்று படித்தது அன்றுதான் உறைத்தது. அந்த உழைப்பு கட்டுபடியாகாமல் 18ஆம் நூற்றாண்டில் பயிர் மறைந்தது. வாற்கோதுமையும், அதை முளைகட்டி உலர்த்தும் மால்ட் தொழிலும் ஊருக்குச் சோறு போட்டன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சன் விடுதியின் 1676ஆம் ஆண்டுச் சுண்ணச் சிற்பங்களைப் பார்த்தோம். இங்கிலாந்தின் முதல் உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1647இல் நாடாளுமன்றத்தின் ஆணையர்களும் படை அதிகாரிகளும் வாதிட்ட புனித மேரி தேவாலயத்திலும் ஒரு மாலை கூடினோம். எடிஸ்டோன் கடற்பாறைமேல் முதல் கலங்கரை விளக்கத்தைக் கட்டி, 1703 புயலில் அதனோடு மாண்ட நம் ஊர்க்காரர் ஹென்றி வின்ஸ்டான்லியைப் பற்றிய உரைக்கு நல்ல கூட்டம். பொதுவெளியின் புல்தரைப் புதிர்ப்பாதையை நடந்து முடிக்கும் நிகழ்ச்சி மட்டும் மழையால் நின்றது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையைச் சிறுவர்களுடன் நடக்க ஆசைப்பட்டோம். வருத்தம்தான், வரும் மே மாதம் மீண்டும் வைக்கிறோம்.

அடுத்த ஆண்டு, சந்தையில் நெடுங்காலம் கடை போட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வீட்டில் பழைய சந்தைப் படங்கள் இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். நகலெடுத்து அன்றே திருப்பித் தருவோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வைப்பார். இவ்வறிக்கைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.