இரண்டு படம் ஏறும், மூன்றாவதில் விழும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரக் கணினிப் பக்கத்தில், ‘மெமரி தீர்ந்துவிட்டது’ என்று பிழை வருவதாக ஒரு வாசகர் கேட்டதற்கு, இணைய மென்பொருள் எழுதும் மொழியான பி.எச்.பி.யின் மெமரி எல்லையை 512 மெகாபைட்டாகக் கூட்டுங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். காய்ச்சல் ஏனென்று பார்க்காமல் பனடோல் கொடுக்கிற வேலை அது.

பரந்தன் பக்கம் எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு ஒரு நிறுவனம் செய்துதந்த மென்பொருளிலும் இதே கதைதான். வெள்ளம் நின்ற வயல்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். இரண்டு படம் ஏறும், மூன்றாவதில் வெறும் வெள்ளைத் திரை. பிழைப் பதிவில் 134217728 பைட் தீர்ந்ததென்று இருந்தது, அதாவது 128 மெகாபைட். சொன்னோம், 256 ஆக்கிவிட்டார்கள். அப்புறம் ஐந்து ஏறியது, ஆறாவதில் விழுந்தது!

போனில் பார்த்தால் ஒரு படம் 3 மெகாபைட்தான், ஆனால் அது சுருக்கி வைத்த அளவு. சிறிதாக்குவதற்காக மென்பொருள் அதைத் திறக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் பிடிக்கும், 4000க்கு 3000 புள்ளி என்றால் 4 கோடியே 80 இலட்சம் பைட். மூன்றைக் கூட்டிப் பாருங்கள், எல்லை தாண்டிவிடும். எல்லாப் படத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்திருந்ததுதான் பிழை. வீதியோரம் நெல் காயவிடுகிறவர்கள் படங்கில் கிடப்பதை அள்ளிவிட்டுத்தானே அடுத்த மூட்டையைக் கொட்டுகிறார்கள்.

இன்னொன்று, அந்த எல்லை முழுச் சேவருக்கும் (மென்பொருள் ஓடுகிற கணினிக்கும்) சேர்த்து இல்லை, ஆட்கள் அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனி. 512 கொடுத்துவிட்டு, பத்துப் பேர் ஒரே நேரத்தில் படம் ஏற்றினால் 5 ஜிபி வரை கேட்கும். சின்னச் சேவர் படுத்துவிடும். ஒரேயொரு படமே அவ்வளவு பெரிது என்றால் சரி, கூட்டத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

256 ஆக்கிய பிறகும் ‘வேலை செய்யுதில்லை’ என்று மட்டும் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது நிறுவனத்தில் யாரும் அசையவில்லை, பெரிய சேவர் வாங்குங்கள் என்றார்கள். பிறகுதான் பிழைச் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டி, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி, எத்தனையாவது படத்தில் விழுகிறது, படத்தின் அகலம் உயரம் எவ்வளவு என்று எழுதி, படத்தை ஒவ்வொன்றாகத் திறந்து, சிறிதாக்கிச் சேமித்து, விடுவித்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற மாதிரி ஆறு வரி நிரலும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாளில் மாற்றித் தந்தார்கள். இப்போது எல்லை பழையபடி 128தான், இருபது படம் ஏறுகிறது.

கேள்வி கேட்ட வாசகருக்கு அடுத்த வாரம் இதையும் சேர்த்துப் போடுவீர்களா?

கணினி ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி