பெடல் இறங்கினால் கியர்பாக்ஸை இறக்குவானேன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வேனில் கிளட்ச் பெடல் தரையோடு போகிறது, கியர் விழ மறுக்கிறது என்று கேட்ட வாசகருக்கு, 'பிளேட் தேய்ந்திருக்கும், செட்டாக மாற்றிவிடுங்கள்' என்று உங்கள் வாகனப் பகுதியில் பதில் வந்திருந்தது. பழைய வேன்களை ஓட்டியும் அவற்றுக்கு அடியில் படுத்தும் பாதி வயதைக் கழித்தவன் நான். அந்தப் பதில் அவசரப் பதில்.

பிளேட் தேய்ந்த வண்டி இப்படிப் படுத்தாது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமும், வேகம் ஏறாது, கருகல் வாடை வரும். இந்த வாசகரின் தொல்லை அதற்கு நேர் எதிர்: கிளட்ச் வழுக்கவில்லை, விடுபட மாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் போடும்போது பல் அரைத்து, எஞ்சினை அணைத்ததும் அதே கியர் சத்தமில்லாமல் விழுந்தால், முதல் சந்தேகம் ஹைட்ராலிக் மேல்தான், அதாவது பெடலின் மிதியை பிரேக் ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் அமைப்பின் மேல்தான் வர வேண்டும். பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் அந்தத் தள்ளலை வாங்கிக் கிளட்சை விடுவிப்பது ஸ்லேவ் சிலிண்டர்.

பெடலை அடுத்தடுத்து நாலைந்து முறை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்க மிதிக்க உயரம் கூடி கியரும் விழுந்தால், பெரும்பாலும் லைனில் ஏர் பிடித்திருக்கும், அல்லது சிலிண்டரில் ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் கப் தளர்ந்திருக்கும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? வெளியே ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டருக்குள் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் வழிகிறது. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆயில் டப்பா நிறைந்திருக்கிறது, ஒழுகல் இல்லை, ஆகவே ஹைட்ராலிக் சுத்தம் என்று முடிவு கட்டி கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே வைத்துவிடுகிறார்கள். புது பிளேட் போட்ட பிறகும் பெடல் அதே இடத்தில்தான் கிடக்கும்.

ஒழுகலையும் எல்லோரும் வண்டிக்கு அடியில் மட்டுமே தேடுகிறார்கள். பல வேன்களில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடிக்குள்தான் ஒழுகும். தரை விரிப்பைத் தூக்கி, பெடல் தண்டு உள்ளே நுழையும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே ஈரம் தெரிந்துவிடும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா உள்ள வண்டிகளில், கிளட்சுக்குப் போகும் குழாயை வேண்டுமென்றே சற்று மேலே வைத்திருப்பார்கள். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் போகும், பிரேக் மிஞ்சும். அந்த எச்சரிக்கையை ஆயில் ஊற்றி அமுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு நகர்ந்தும் கியர் அரைத்தால்தான் ஃபோர்க், பேரிங், பிரஷர் பிளேட் என்று கிளட்சின் உள்பாகங்களுக்குப் போக வேண்டும். நகர்வு குறைந்தால் கோளாறு வெளியேதான். சிலிண்டர்களோடு, பெடலையும் தண்டையும் கோக்கும் பின் தேய்ந்து ஓட்டை நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டியில் அந்தச் சின்ன ஆட்டமே பாதி மிதியைத் தின்றுவிடும்.

நெரிசலில் எஞ்சின் சூடேறியதும் பெடல் இறங்கி, ஆறியதும் சரியாகிறது என்றால் ஆயிலின் வயதைக் கேளுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரமேறிய பிறகு அந்த வரம்பே 140தான். சூட்டில் கொதித்து ஆவிக் குமிழி வந்தால் பெடல் இறங்கிவிடும். அதே ஈரம் சிலிண்டரின் உள்சுவரையும் அரிக்கும். குழி விழுந்த சிலிண்டருக்குப் புது ரப்பர் கிட் போடுவது வீண், சிலிண்டரையே மாற்ற வேண்டும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் ஆயிலைத் தவிர வேறெதுவும் ஊற்ற வேண்டாம். எஞ்சின் ஆயில் கலந்தால் ரப்பரெல்லாம் ஊதிவிடும், பிரேக்கும் அதே டப்பா என்றால் அதுவும் போகும்.

பெடலை மிதித்து லைனிலிருந்து ஏர் எடுக்க வராவிட்டால், கீழே ஸ்லேவ் சிலிண்டரில் ஏர் எடுக்கும் நிப்பிள் வழியாகச் சிரிஞ்சால் மெதுவாக ஆயிலை மேலே தள்ளுங்கள், காற்றின் சுபாவம் மேலே போவதுதான். டப்பா வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த ஆயில் பட்டால் பெயின்ட் உரியும்.

சில வேன்களில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்காது. கியர்பாக்ஸுக்குள் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். வாசகரின் வண்டி அந்த வகையாக இருந்து, மாஸ்டர் சிலிண்டரும் பைப்பும் சரி என்று தெரிந்த பிறகு கியர்பாக்ஸை இறக்கட்டும். இறக்கும்போது பிளேட்டோடு அந்த ஸ்லேவையும் மாற்றிவிட வேண்டும் என்று அவருக்கு அடுத்த இதழில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வேன்காரன் ஒருவன்