புழல் பேருந்து நிறுத்தத்தில் வெயில் மறைப்பும் குடிநீரும் வேண்டி மனு

அனுப்புநர்:
ஏரியை ஒட்டிய தெருக்களில் வசிக்கும் பொதுமக்கள்,
புழல், சென்னை – 600 066.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டலம் 3, மாதவரம்,
பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: ஜி.என்.டி. சாலைப் பேருந்து நிறுத்தத்தில் ஜூன் முடியும் வரை நிழல், குடிநீர் வசதி கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

புழலில் குடியிருக்கிறோம் என்றால், "உங்களுக்கென்ன, ஏரிக்காற்று" என்பார்கள். கத்திரி வெயில் நாட்களில் அந்தக் காற்று அனல்தான். ஏரி எங்களுக்கு மேற்கே இருக்கிறது. தண்ணீர் உள்வாங்கி மண் வெடித்துக் கிடக்கும் கரையைத் தாண்டி மேலக்காற்று வந்து முகத்தில் அறைகிறது. அது ஓங்கி வீசும் நாளில் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். கடலோரக் காசிமேட்டுக்காரர்களுக்கு வேர்வை அடங்கிய பிறகும் எங்களுக்கு அடங்குவதில்லை. ராத்திரி மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றிப் படுத்தாலும் தரை சுடுகிறது.

வீட்டில் இருப்பவர்கள் எப்படியோ சமாளிக்கிறோம். சாலையில் பேருந்துக்கு நிற்பவர்கள்தான் பாவம். நகரத்துக்குள் போகும் பக்கத்து நிழற்குடை மேற்குப் பார்த்தது. இரண்டு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து உள்ளே புகுந்துவிடும். எவர்சில்வர் இருக்கையில் கை வைக்க முடியாது. போன வாரம் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், முந்தானையை மடித்துப் போட்டு உட்கார்ந்தும் சூடு தாங்காமல் எழுந்து, நிழற்குடைக்குப் பின்னால் விழுந்த ஒரு முழ நிழலில் ஒதுங்கினார். அங்கே நின்றால் ஆள் இருப்பது டிரைவருக்குத் தெரியாது. பேருந்து நிற்காமல் போய்விட்டது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்த நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது என்றுதான் இந்த மனுவைக் கொடுக்கிறோம்.

நிழற்குடையின் முன்பக்கம், பேருந்து வருவதை மறைக்காதபடி, பச்சை நிழல்வலை கட்டித் தர வேண்டும். நகரில் சில சிக்னல்களில் மாநகராட்சியே கட்டியதைப் பார்த்திருக்கிறோம். இருக்கையின் மேல் மரப்பலகை பொருத்தினாலும் போதும், வயதானவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள்.

தண்ணீர்ப் பந்தல் சித்திரையில் பலரும் திறக்கிறார்கள், நல்ல மனசோடுதான். முதல் நாள் மோரும் தர்பூசணியும் கிடைக்கும். வெயில் ஏற ஏறப் பானை காலியாகி, சங்கிலியில் டம்ளர் மட்டும் தொங்கும். அதனால் மாநகராட்சியே தினமும் நிரப்பும் குடிநீர்த் தொட்டி ஒன்றை நிழலில் வைத்து, அதைக் கழுவி நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டுகிறோம். கத்திரி முடிந்ததும் இதை எடுத்துவிட வேண்டாம். சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகுதான். ஜூனில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும், பிள்ளைகளும் இதே நிறுத்தத்தில்தான் நிற்பார்கள்.

எங்கள் தெருக்களைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் 12 முதல் 3 மணி வரை வெளிவேலை இல்லாதபடி நேரத்தை மாற்றித் தர வேண்டும். அவர்கள் தங்களுக்காகக் கேட்கத் தயங்குகிறார்கள்.

நிறுத்தத்தைப் பார்வையிட அதிகாரிகள் வரும்போது, பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் வருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
புழல் ஏரிக்கரைப் பகுதி பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)