‘இப்போது வேண்டாம்’ என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

முப்பத்தைந்தைத் தாண்டி, சிலர் நாற்பதையும் தாண்டி, குழந்தை பெற்றபின் மறுபடி பந்தயத்துக்கு வந்திருக்கும் ஓட்டக்காரப் பெண்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ‘ஓடு, ஓடு’ என்றவர்கள் நிறையப் பேர். ‘இனி உனக்கு எதற்கு ஓட்டம்’ என்றவர்கள் அதைவிட அதிகம். இந்த நன்றி அந்த இரண்டு பக்கத்திலும் சேராதவர்களுக்கு: ‘இப்போது வேண்டாம், இதெல்லாம் செய்ய முடிந்தபின் ஓடு’ என்று கணக்கோடு சொன்னவர்களுக்கு.

முதல் வணக்கம் இடுப்புத்தளத் தசைகளை, அதாவது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளை, அறிந்த பிசியோதெரபிஸ்ட்களுக்கு. பிரசவமாகி ஆறாவது வாரத்தில் மருத்துவர் ‘எல்லாம் சரி’ என்பது அன்றாட வாழ்க்கைக்கான அனுமதி, ஓட்டத்துக்கானது அல்ல என்று புரியவைத்தவர்கள் நீங்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு, வேகம் கூடினால் அதற்கும் மேல், தரையிலிருந்து மேலே ஏறி வருகிறது. அதைத் தாங்க வேண்டிய தசைகள் மாதக்கணக்கில் பாரம் சுமந்து இழுபட்டவை. டாம் கூம், கிரானியா டொனெலி, எம்மா பிராக்வெல் என்ற மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது 12 வாரம் கழியட்டும் என்கிறது. காலண்டர் மட்டும் போதாது, இந்தச் சோதனைகளில் உடல் தேற வேண்டும் என்றும் சொல்கிறது. 30 நிமிட நடை. ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது. ஒற்றைக்காலில் 10 முறை முழங்கால் மடக்கி எழுவது. நின்ற இடத்தில் ஒரு நிமிட மெல்லோட்டம். முன்னோக்கி 10 தாவல். ஒவ்வொரு காலிலும் 10 முறை நொண்டி. இதில் எங்காவது வலியோ, சிறுநீர்க் கசிவோ, அடிப்பாகம் கனத்துக் கீழே இழுப்பது போன்ற உணர்வோ வந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. ‘குழந்தை பெற்றால் கசியத்தான் செய்யும்’ என்று ஊரே சொல்லும்போது, அது அடிக்கடி வருவதுதான், ஆனால் பொறுத்துக்கொள்ள வேண்டியதல்ல, சரிசெய்யக்கூடியது என்று சொன்னீர்களே, அதற்கே தனியாக ஒரு மடல் எழுதலாம்.

இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியில் பலர் செய்யும் தவறையும் நீங்கள்தான் பிடித்தீர்கள். மூச்சை அடக்குவது, பிட்டத்தை இறுக்குவது, உள்ளே தூக்குவதற்குப் பதில் கீழே முக்குவது. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல உள்ளுக்கும் மேலுக்கும் தூக்கி, மூச்சை விட்டபடி 6 முதல் 8 விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்துவது. இப்படி 8 முதல் 12 முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு சட்டென்று இறுக்கி விடுவது 10 முறை. அந்தத் தளர்த்தல்தான் பலருக்கும் வராதது. எப்போதும் இறுகியே இருக்கும் தசையும் கசியவிடும். அதை மேலும் இறுக்கினால் நிலைமை மோசமாகும். பரிசோதிக்காமல் இதைப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் உங்களிடம் வரச் சொல்கிறோம்.

சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். தோல் ஆறிவிடும், உள்ளே வயிற்றுச் சவ்வு ஆறு வாரத்தில் பழைய பலத்தில் பாதியைத்தான் சற்றுத் தாண்டியிருக்கும். வயிற்றின் நடுவே தசைகள் விலகி இடைவெளி விழுந்திருப்பவர்களுக்கு, எத்தனை விரல் இடைவெளி என்பதைவிட, தலையைத் தூக்கும்போது வயிறு கூம்பு போல எழுகிறதா என்பதே கேள்வி. எழுந்தால், அப்போது செய்யும் வயிற்றுப் பயிற்சி இப்போதைக்கு அதிகப்படி என்று பொருள்.

அடுத்து, கோச்களுக்கு. நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மூச்சு முதலில் திரும்பும், நாணும் எலும்பும் மெதுவாகத்தான் வரும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். குதிகால் நாணுக்கு மாதங்கள் வேண்டும், நாற்பதை நெருங்கும்போது இன்னும் கொஞ்சம் கூட. அதனால் ஆபத்து முதல் வாரத்தில் இல்லை. ‘ஆகா, சுலபமாக இருக்கிறதே’ என்று தோன்றும் இரண்டாவது மாதத்தில்தான் ஆடுசதை பிடித்துக்கொள்கிறது.

நீங்கள் கொடுத்த தொடக்கம் இது: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி 8 சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். நேரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டக் கூடாது. ஓடி முடித்த 24 மணி நேரத்துக்குள் கனமோ கசிவோ வலியோ தலைகாட்டினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். நிற்காமல் 30 நிமிடம் ஓட வந்து, ஒற்றைக்காலில் 20 முறை குதிகால் உயர்த்தவும் வந்த பிறகே வேகப் பயிற்சி. முதலில் 15 விநாடி விரைவோட்டம் நாலு. பிறகு சின்ன மேட்டில் 8 முதல் 10 விநாடி ஏற்றம் ஆறு, நடந்தே இறக்கம். மேட்டில் தரை மோதல் குறைவு, ஆனால் ஆடுசதைக்குச் சுமை அதிகம். குதிகால் உயர்த்துவதை முதலில் கேட்டதன் காரணம் அதுதான். அதன்பின் நாலைந்து சொல்தான் பேச வரும் என்ற வேகத்தில் 5 நிமிடம் மூன்று முறை. டிராக் இன்டர்வல், அதாவது ஓடுதளத்தில் வேகமாக ஓடி, இடையிடையே ஓய்வெடுக்கும் பயிற்சி, எல்லாவற்றுக்கும் கடைசியில். அதன் வேகத்தைப் பிரசவத்துக்கு முந்தைய சாதனை நேரத்திலிருந்து கணக்கிடாமல், இப்போது ஓடிய 5 கிலோமீட்டரிலிருந்து கணக்கிட வைத்தது நீங்கள் செய்த பேருதவி. கடினமான இரண்டு நாட்களுக்கு நடுவே இரண்டு எளிய நாட்கள் வைத்தீர்கள். இரவு நாலு மணி நேரம்கூடத் தூங்காத நாளில் அட்டவணையை அடித்துவிட்டு மெல்லோட்டம் எழுதினீர்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு நிற்காமல் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும், களைப்பும் படபடப்பும் விடாதபோது தைராய்டையும் பார்க்கச் சொன்ன மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் நன்றி. முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். ஓட்டத்துக்கு ஆவது அதற்கும் மேலே. உணவு போதாதபோது மாதவிடாய் நின்று எச்சரிக்கும். பால் கொடுக்கும்போது பலருக்கும் அது எப்படியும் நின்றிருப்பதால் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் தற்காலிகமாக மெலிந்திருக்கும் காலம் அது. கணுக்காலுக்கு மேலோ, இடுப்பிலோ, முதுகின் அடி எலும்பிலோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உங்களிடம் வர வேண்டும் என்று சொல்லிவைத்தது பலரது எலும்பைக் காத்திருக்கிறது.

பாதத்தை மறுபடி அளந்த ஷூ கடைக்காரர்களுக்கும் நன்றி. கர்ப்பத்தில் பலருக்குப் பாதம் நீண்டு, வளைவு தாழ்ந்திருக்கும். பழைய எண் பலருக்கும் பொருந்தாது. ஓட்டத்துக்கான ஸ்போர்ட்ஸ் பிராவைப் பால் கொடுத்தபின் போட்டு, முடிந்ததும் கழற்றச் சொன்னவர்களுக்கும் அப்படியே. நாள் முழுக்க இறுகினால் பால் கட்டிக்கொள்ளும். குழந்தையின் கழுத்து நின்றால் போதும் என்று நாங்கள் நினைத்தபோது, அதற்கு ஆறு முதல் ஒன்பது மாதமாகும்வரை தள்ளுவண்டியோடு ஓட வேண்டாம் என்று தடுத்தவர்களையும் மறக்கவில்லை.

போட்டி நடத்துவோரே, கர்ப்பிணிகளின் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுத்ததற்கும், தொடக்கக் கோட்டருகே பாலூட்ட மறைவிடம் அமைத்ததற்கும் எங்கள் வணக்கம். மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் பிரிக்கிறது. எங்களுக்கு அது ஆறுதல் பரிசு அல்ல, உண்மையான களம். இரண்டாவது குழந்தை பிறந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 40 வயதில், 2014 ஐரோப்பியத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கம் வென்றார் பிரிட்டனின் ஜோ பேவி. முதல் குழந்தைக்குப் பிறகே ஓடத் தொடங்கிய ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் சினேட் டைவர் 45 வயதில், 2022இல், ஸ்பெயினின் வலென்சியாவில் 2 மணி 21 நிமிடம் 34 விநாடியில் மாரத்தான் முடித்தார்.

கடைசியாக, துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் குழந்தையை வாங்கிக்கொண்டவர்களுக்கு. தொடக்கத்துக்கு அரை மணி முன்பு பால் கொடுத்து ஒப்படைக்கும்போது, முடிவுக் கோட்டில் எந்தக் கம்பத்தடியில் நிற்பீர்கள் என்று முன்னாலேயே சொல்லி, அங்கேயே நின்றீர்கள்.

அன்புடன்,
உங்களால் மறுபடி ஓடுகிறவர்கள்