யோபுவின் நண்பர்கள் பேச்சை நம்பாதே

அன்புள்ள குமாருக்கு,

பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவின் கால்வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். ஸ்டீபன் மட்டும் அதே ஸ்டீபன்தான்.

பைபிளை முதல் பக்கத்திலிருந்து நாளைக்கு ஓர் அதிகாரமாகப் படிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கணக்குப் போட்டாயா? 1189 அதிகாரம், மூன்றேகால் வருஷம். ஆனால் நீ எங்கே படுத்துவிடுவாய் என்று இப்போதே சொல்கிறேன்: இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரம். அதுவரை பெரும்பாலும் கதை ஓடும். அங்கே ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது பாலைவனத்தில் அவர்கள் போட்ட வழிபாட்டுக் கூடாரத்தின், அளவு ஆரம்பிக்கும். உடன்படிக்கைப் பெட்டி நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. பிறகு மேஜை, விளக்குத்தண்டு, திரை. 31 வரைக்கும் ‘இப்படிச் செய்’. நடுவில் பொன் கன்றுக்குட்டி கலாட்டா. பிறகு ‘அப்படியே செய்தார்கள்’ என்று அதே அளவுகள் மறுபடியும். அதையும் தாண்டினால் லேவியராகமம், 27 அதிகாரம். செய்யுளுக்கு முன்னால் கோனார் உரையைத் திறக்கிற உனக்கு இது ஆகாது.

மாற்குவில் ஆரம்பி. 16 அதிகாரம்தான், ஒரே உட்காரலில் முடியும். இயேசுவின் கதையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் அதுதான் முதலில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சின்னச் சின்ன விஷயத்தை விடமாட்டார் மனிதர். படகில் புயலடிக்கும்போது இயேசு தூங்குகிற காட்சி மத்தேயுவிலும் லூக்காவிலும் உண்டு. தலைக்குத் தலையணை வைத்திருந்தது மாற்குவில் மட்டும்தான் (4:38). பழைய மொழிபெயர்ப்பில் ‘பின்னணியத்தில்’ என்று வரும். படகின் பின்பக்கம், உங்கள் ஊர்க் கடற்கரையில் அமரம் என்பார்களே, அது.

அடுத்து லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் சேர்த்துப் படி. ஒரே ஆள் எழுதிய இரண்டு பாகம் அவை. நடுவில் யோவான் வந்து பிரிக்கிறது, தாண்டிப் போ. அதன் பிறகு ஆதியாகமம், யாத்திராகமம் 20 வரை, சாமுவேல் இரண்டும். பவுலின் கடிதங்கள் காலவரிசையில் இல்லை, கிட்டத்தட்ட நீளவரிசையில் அடுக்கியது. அதனால்தான் ஆகக் கடினமான ரோமர் முதலில் நிற்கிறது. முதல் சுற்றில் அதைத் தொடாதே.

உன் கையிலிருப்பது எந்த மொழிபெயர்ப்பு? முதல் புத்தகத்தின் பெயர் ஆதியாகமம் என்றிருந்தால் 1871-இல் வந்த, ஹென்றி பவர் என்பவரின் மொழிபெயர்ப்பின் வழி, 66 புத்தகம். தொடக்கநூல் என்றிருந்தால் 1995-இன் திருவிவிலியம். தோபித்து, மக்கபேயர் எல்லாம் சேர்த்து 73. கதை புரிய இரண்டாவது. சங்கீதம் என்ற பாட்டுப் புத்தகத்துக்கு மட்டும் பழையதுதான். 23ஆம் சங்கீதத்தில் புதியதன் ‘எனக்கேதும் குறையில்லை’ என்பது தெளிவு, ஆனால் பழையதன் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்.

இனி என் தலையாய புகார். நாளுக்கு ஓர் அதிகாரம் என்பதே தப்பு. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண் 1551-இல் ஒரு பிரெஞ்சு அச்சுக்காரர் போட்டது. எழுதியவர்களுக்கு இரண்டுமே தெரியாது. முதல் பக்கத்திலேயே வெட்டு தவறி விழுந்திருக்கிறது: ஆறு நாள் படைப்பு முதல் அதிகாரத்தில், ஏழாம் நாள் ஓய்வு இரண்டாவதில். ஆதியாகமம் 2:4-இல் வேறொரு படைப்புக் கதை ஆரம்பிக்கிறது. அதில் முதலில் மனிதன், அப்புறம் தோட்டம், அப்புறம்தான் மிருகங்கள். ‘முரண்பாடு’ என்று எனக்கு மெசேஜ் போடுவாய், தெரியும். இரண்டு கதையடா, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட மோசம் ஒற்றை வசனம். துவக்கம் அற்பமானாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்று காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போடுகிறார்களே, நீ அனுப்பிய அட்டையிலும் அதுதான். யோபு 8:7. அதைச் சொன்னவன் பில்தாத், யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களில் ஒருவன். பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபுவிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று மூன்று வசனம் முன்னால் சொன்ன அதே வாய். கடைசி அதிகாரத்தில் கடவுள் தாமே, ‘நீங்கள் என்னைப் பற்றிப் பேசியது சரியில்லை’ என்று அந்த மூவரையும் கடிந்துகொள்கிறார். அதனால் எந்த வசனமானாலும் யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்று மேலே நாலு பத்தி போய்ப் பார்த்துவிட்டு வா.

அப்பா போன பிறகு உனக்கு வந்த அட்டைகளைப் பற்றி எழுதியிருந்தாய். யோபு 2:13-ஐப் பார். அதே நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள்.

ஆறுதல் சொல்லாத சங்கீதம் ஒன்றும் உண்டு, 88. சிநேகிதர்கள் விலகிப்போனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைப் படி. பதினெட்டே வசனம்தான்.

பொங்கலுக்கு வருகிறேன். மாற்குவை அதற்குள் முடித்து வை.

உன்,
சார்லஸ்