எண்ணிப் பார்த்து எழுது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. கையால் எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து உனக்கு அனுப்புவான், படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். இங்கே எல்லோரும் நலம். குறுவை அறுத்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. அப்பா சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காய வைத்துக்கொண்டிருக்கிறார். அதை விடு.

நீ அனுப்பிய படத்தைத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். புல்லுக்கு நடுவே இலையே இல்லாமல் ஊதாப் பூக்கள், பக்கத்தில் குந்தியிருக்கும் பாப்பா. ‘இலையுதிர்கால க்ரோக்கஸ்’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு என்னிடம் பேச்சே இல்லை.

அந்தப் பெயரில் அங்கே இரண்டு பூக்கள் உண்டாம், தம்பி தேடிப் படித்துச் சொன்னான். ஒன்று நிஜ க்ரோக்கஸ், குங்குமப்பூவின் இனம். இன்னொன்று கால்சிகம். அது க்ரோக்கஸே இல்லை, நம் செங்காந்தளுக்குச் சொந்தம். செங்காந்தளின் கண்வலிக்கிழங்கில் இருக்கும் அதே கால்சிசின் நஞ்சு கால்சிகத்தின் கிழங்கிலும் இலையிலும் பூவிலும் விதையிலும் இருக்கிறது. இலை இல்லாமல் பூப்பதை வைத்து முடிவு செய்யாதே, நிஜ க்ரோக்கஸிலும் சில வகை அப்படித்தான். பூவுக்குள் மகரந்தத் தாள்களை எண்ணு. நடுவில் நீளும் சூல்தண்டின் கிளைகளைச் சேர்க்காதே, மஞ்சள் பொடி ஒட்டியிருப்பவை மட்டும். மூன்று என்றால் க்ரோக்கஸ். ஆறு என்றால் பாப்பாவை அந்தப் பக்கமே விடாதே.

வேதாரண்யத்தில் பெரிய மாமா செங்காந்தள் போட்ட மணல் கொல்லை உனக்கு மறந்திருக்காது. இதழ்கள் மேல்நோக்கி மடங்கி நிற்க, சூல்தண்டு மட்டும் கோபித்துக்கொண்டதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்தால்தான் காய் பிடிக்கும். நகக்கண்ணெல்லாம் மஞ்சள் ஏறிவிடும். அந்தக் கையோடு நீ வெல்லத்தைத் தொட்டதற்கு அத்தை உன்னைக் கிணற்றடிக்குத் தரதரவென்று இழுத்துப் போனார். பாப்பாவுக்கு அங்கே எந்த அத்தை இருக்கிறார்?

நீ தோட்டம் போட்டதில் எனக்குப் பெருமைதான். தெருவில் எல்லோரிடமும் படத்தைக் காட்டிவிட்டேன். வீட்டில் ஒரு துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் முகத்தைத் தூக்குவாய், அந்தக் குளிரில் மண்ணைக் கொத்தியிருக்கிறாய். நீதான் கொத்தினாயா? மாப்பிள்ளை கொத்திக் கொடுத்தாரா?

வசந்தத்தில் பூப்பதையும் நடப்போவதாகச் சொன்னாய். நடுவதென்றால் இதுதான் பருவம். 4 அங்குல ஆழம், நீர் தேங்காத இடம். மேலே கம்பி வலை போடு, அணில் தோண்டித் தின்றுவிடும். அங்கே இருப்பது முதுகில் கோடு போட்ட நம் சாது அணில் இல்லை. பூத்து ஓய்ந்ததும் இலை தானாகப் பழுக்கும் வரை புல்லை வெட்டக் கூடாது. இலை அனுப்பும் சத்தில்தான் அடுத்த வருடத்துக் கிழங்கு ஊறும். புல் வெட்டும் இயந்திரத்தை மாப்பிள்ளைதானே ஓட்டுவார், அவரிடமும் சொல்லி வை.

இங்கே கிழங்கு அனுப்பட்டுமா என்று தம்பியிடம் கேட்டாயாம். வேண்டாம். வாரக்கணக்கில் நல்ல குளிர் பட்டால்தான் வசந்த க்ரோக்கஸ் பூக்குமாம், நம் மார்கழிப் பனி அதற்கு எந்த மூலைக்கு? அதுசரி, தம்பியிடம் கேட்க நேரம் இருக்கிறது, என்னிடம் பேசத்தான் இல்லை. என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. பயப்படாதே.

கிழங்கை எடுத்தால் கையைக் கழுவு. பாப்பாவின் கையையும் கழுவிவிடு.

தீபாவளித் துணி எடுத்துவிட்டோம். உனக்குக் கும்பகோணத்தில் புடவை, பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. எல்லாவற்றையும் ஒரே பார்சலாகப் போடுவதா, இரண்டு முகவரிக்குத் தனித்தனியாகப் போடுவதா என்று அப்பா கேட்கச் சொன்னார். எதுவானாலும் எங்களுக்குக் கோபம் இல்லை. மழை பிடித்துக்கொள்வதற்குள் தபால் ஆபீஸ் போக வேண்டும் என்கிறார், அதனால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

இப்படிக்கு,
அம்மா