நடுப்படி அகலமாக வேண்டும்

தக்கலை

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் மகள் பி.எட். சேர்ந்திருக்கிறாள் என்று படித்தபோது வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை இந்த முறை விடாமல் பெய்கிறது. ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோய், அந்த வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் இல்லாத அளவில் ஆள் வந்தது. பிள்ளைகளின் கையில் இருக்கும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகளைப் பற்றித்தான் அவர்களும் அதிகம் கேட்டார்கள். உன் கடிதத்திலும் அதே கேள்வி இருந்ததால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொறுப்பைப் படிப்படியாக மாணவரிடம் ஒப்படைக்கும் கற்பித்தல் முறையும் செயற்கை நுண்ணறிவும் ஒன்றுக்கொன்று பொருந்துமா, அல்லது இரண்டும் எதிர்த்திசையில் இழுப்பவையா என்று உன் மகள் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. அந்த முறைக்கு அப்பெயர் 1983இல் அமெரிக்காவின் டேவிட் பியர்சன், மார்கரெட் கல்லாகர் இருவரும், வாசித்துப் பொருளுணரக் கற்பிப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில் வந்தது. அதற்கு முன்பே, 1976இல், உட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டும்போது பெரியவர் எந்த இடத்தில் எவ்வளவு உதவ வேண்டும் என்று ஆராய்ந்திருந்தார்கள். பின்னர் டக்ளஸ் பிஷரும் நான்சி ஃப்ரேயும் மாணவர்கள் தமக்குள் சேர்ந்து செய்யும் படிக்குத் தனியிடம் கொடுத்தார்கள். இன்று பி.எட். மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் நான்கு படிகள் இவை: நான் செய்கிறேன், நாம் செய்கிறோம், நீங்கள் சேர்ந்து செய்யுங்கள், நீ தனியே செய். இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளியில் ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைத்து, பிறகு பிடியைத் தளர்த்தி, பிறகு மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் பொறுப்பில் விட்டு, கடைசியில் தனியே எழுதச் சொன்னதும் இதே வரிசைதான்.

நம் வகுப்பறைகளில் உள்ள குறை, முதற்படியிலிருந்து நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிடுவது. கரும்பலகையில் இரண்டு கணக்குகளை நாம் போட்டுக் காட்டுகிறோம், மணி அடிக்கிறது, பயிற்சியில் மீதியுள்ளதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறோம். நடுவில் இருக்க வேண்டிய இரண்டு படிகளுக்கும் நேரம் இல்லை என்பதைவிட, அவற்றுக்கு வேண்டிய பொருள் நம் கையில் இருந்ததில்லை என்பதே சரி. கூடச் சேர்ந்து செய்ய வேண்டுமானால் ஒரே கணக்கைப் பல நிலைகளில், பல அளவு உதவியோடு எழுதி வைத்திருக்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு, ஒவ்வொரு பாடத்துக்கும், கையால் எழுதி நகலெடுத்து அதைச் செய்ய யாருக்கு முடியும்? ஏஐ எனக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான். அது நடுப்படியை அகலமாக்குகிறது. வேறு எந்த வேலையிலும் அதன் உதவி எனக்கு இவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இறக்கக்கோணம் (மேலிருந்து கீழே பார்க்கும்போது பார்வைக் கோடு கிடைமட்டக் கோட்டோடு உண்டாக்கும் கோணம்) நடத்தியதை எடுத்துச் சொல்கிறேன். கால்வாய் நீரை ஆற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நிற்காத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. பறளியாற்றுக்கு மேலே அதன் உயரம் 115 அடி, அதாவது ஏறத்தாழ 35 மீட்டர். பாலத்தின் மேலிருந்து ஆற்றங்கரையில் உள்ள ஒரு பாறையை 30° இறக்கக்கோணத்தில் பார்த்தால், பாலத்தின் அடியிலிருந்து அந்தப் பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பது கணக்கு. முதற்படியில் ஏஐக்கு வகுப்பறையில் இடமே இல்லை. நான் கரும்பலகை முன் நின்று, என் மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கைப் போடுகிறேன்: எந்தக் கோட்டை முதலில் வரைகிறேன், ஏன் சைன் (sin) விகிதத்தை விட்டு டேன் (tan) விகிதத்தை எடுக்கிறேன், எங்கே ஒரு கணம் நின்று யோசிக்கிறேன் என்பதெல்லாம் பிள்ளைகளின் காதில் விழ வேண்டும். அதை ஒரு மனிதர் அவர்கள் கண்ணெதிரே செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. முந்தின நாள் வீட்டில் மட்டும், இந்தக் கணக்கில் மாணவர் தடுமாறக்கூடிய இடங்கள் எவை என்று ஏஐயிடம் கேட்டு, அது தரும் பட்டியலை என் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படிக்கு ஒரே மாதிரியான நான்கு கணக்குகள், தாளுக்கு ஒன்றாக, வேண்டும். முதல் தாளில் படம், கோணம் குறித்தல், விகிதம், பிரதியிடல், சுருக்குதல், விடை என எல்லா வரிகளும் இருக்கும். மாணவர் ஒவ்வொரு வரிக்கும் காரணம் மட்டும் எழுத வேண்டும். இரண்டாம் தாளில் கடைசி இரண்டு வரிகள் காலி. மூன்றாவதில் விகிதம் முதற்கொண்டு காலி. நான்காவதில் கணக்கு மட்டுமே. இப்படிக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி உதவியை அழித்துக்கொண்டே வருவதுதான் ஒப்படைப்பின் உயிர். பாடப்புத்தகத்தில் உள்ள கலைச்சொற்களையும் ஒரு மாதிரித் தீர்வையும் கொடுத்து, இதே நடையில் எழுது என்றால் ஏஐ சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. படத்தை மட்டும் அதனிடம் ஒருபோதும் கேட்பதில்லை. கோணத்தை வேறு மூலையில் குறித்துவிடுகிறது, ஆகையால் அதை நானே வரைகிறேன். எழுத்தையும் வரிவரியாகச் சரிபார்த்த பிறகுதான் நகலெடுக்க அனுப்புகிறேன். சரிபார்க்கச் செலவாகும் நேரத்தைக் கூட்டினாலும், முன்பு நினைத்தும் பார்க்க முடியாத வேலை இது.

அன்று நான்காம் தாளைக் கொடுத்துவிட்டு வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாணவி பாறைக்கு 20.2 மீட்டர் என்று எழுதியிருந்தாள். பாலத்தின் தூணுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவே 30° குறித்திருந்தாள். கிடைமட்டக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில்தான் அதைக் குறித்திருக்க வேண்டும். ஏஐ கொடுத்த பட்டியலில் இந்தத் தவறு முதலிடத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எது புரியவைத்தது தெரியுமா? “நீ பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், 35 மீட்டருக்குக் கீழே, இருபது மீட்டர் தள்ளி ஒரு பாறை இருந்தால் அதைப் பார்க்கத் தலையை எவ்வளவு குனிவாய்?” என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று, குனிந்து பார்த்து, “இது முப்பது டிகிரி இல்ல சார், ரொம்பக் கூடுதல்” என்று சொல்லிவிட்டு, தானே அழித்து 60.6 என்று எழுதினாள். தவறு எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்லக் கருவிக்கு முடிந்தது. அந்தப் பிள்ளையிடம் அந்த நிமிடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது, அவள் முகத்தையும் நோட்டையும் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியரின் வேலையாகவே இருந்தது.

மூன்றாம் படியில்தான் கருவியை வகுப்பறைக்குள் கொண்டுவருகிறேன். அதுவும் என் மடிக்கணினியில், திரையில் எல்லோரும் பார்க்கும்படி. மாணவர் யாரும் தங்கள் பெயரில் அதில் பயனர் கணக்கு (அக்கவுண்ட்) தொடங்குவதில்லை. சாட்ஜிபிடி நிறுவனத்தின் விதிப்படியே 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது, 18 வயது வரை பெற்றோரின் அனுமதி வேண்டும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பயிற்சிக்குப் போகும் இடத்தில் எந்தப் பிள்ளையின் பெயரையோ விடைத்தாளின் படத்தையோ பதிவேற்றக் கூடாது என்பதை உன் மகளிடம் அழுத்திச் சொல்.

திரையில் நான் தட்டச்சு செய்யும் கட்டளை இது: “நீ பத்தாம் வகுப்பு மாணவன். இறக்கக்கோணத்தைத் தூணோடு சேர்த்துக் குறிக்கும் பழக்கம் உனக்கு உண்டு. இந்தக் கணக்கை அந்தத் தவறோடு செய்து காட்டு. நாங்கள் விளக்கிப் புரியவைக்கும் வரை உன் தவறை நீயாகத் திருத்திக்கொள்ளாதே.” பிறகு இரண்டிரண்டு பேராகப் பேசி, அந்த ‘மாணவனுக்கு’ எப்படி விளக்குவது என்று முடிவு செய்து என்னிடம் சொல்கிறார்கள், நான் அப்படியே தட்டச்சு செய்கிறேன். அரைகுறையாகச் சொன்னால் அது அரைகுறையாகவே கேட்டுக்கொண்டு மறுபடியும் தவறுகிறது. வாயே திறக்காத பின்வரிசைப் பையன்கள்கூட அதைத் திருத்த எழுந்து நின்று பேசுகிறார்கள். சில வேளைகளில் கருவி தன் வேடத்தை மறந்து முழு விடையையும் கொட்டிவிடும். உடனே நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கு ஆசிரியர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நான்காம் படியில் தாளும் பேனாவும் மட்டுமே. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. காரணத்தை உன் மகள் ஆதாரத்தோடு தெரிந்துகொள்ளட்டும். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்து, 2025இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. வழக்கமான சாட் வடிவில் ஏஐயை வைத்துப் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. ஆனால் கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட அவர்கள் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். ஆசிரியர்கள் முன்கூட்டி எழுதிக்கொடுத்த குறிப்புகளின் துணையோடு, விடையைச் சொல்லாமல் வழிநடத்தும்படி அமைத்த இன்னொரு வடிவம் பயிற்சியில் 127 சதவீதம் கூடுதல் மதிப்பெண்ணைத் தந்தது. தேர்வில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லாமற்போனது. இந்தச் செய்தியைப் பெற்றோர் கூட்டத்திலும் சொன்னேன். வீட்டுப்பாடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்த ஒரு தாய், அப்படியானால் அதை எப்படித்தான் நம்புவது என்று கேட்டார். புத்தகத்தையும் போனையும் மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கணக்கை உங்கள் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் கணக்குப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, தயங்காமல் கை ஓடுகிறதா என்று பார்த்தாலே போதும் என்றேன்.

இன்னொன்று. ஒப்படைப்பு ஒருவழிப் பாதை அல்ல. நான்காம் படியில் தடுக்கியவர்களை மறுநாள் இரண்டாம் தாளுக்கே திரும்ப அழைக்க வேண்டும், அது தண்டனை என்ற எண்ணம் அவர்களுக்கு வராமல். தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதைப் பார்த்திருப்பாய். பத்தாம் வகுப்பில் அப்படி நிலை பிரித்த பொருள் நம் கைக்கு வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருப்பதே நான் இந்தக் கருவியை விடாமல் பிடித்திருப்பதற்கு முதற்காரணம்.

தமிழ்க் கட்டுரைக்கு இதெல்லாம் ஆகுமா என்று நீ கேட்டிருந்தாய். எங்கள் பள்ளித் தமிழாசிரியை செய்ததைச் சொல்கிறேன். தோவாளைப் பூச்சந்தை பற்றி ஏஐயிடம் ஒரு பத்தி வாங்கி, அதைத் திரையில் போட்டு, வகுப்பாகச் சேர்ந்து திருத்தினார். தோவாளை மாணிக்கமாலையை மல்லிகையில் தொடுப்பதாக அது எழுதியிருந்தது. வீட்டில் மாலை கட்டும் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, அது வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சி இலையும் மடித்துக் கட்டுவது, நாரைச் சுற்றும் விதமே வேறு என்று விளக்கினான். அவன் சொன்னதை அப்படியே ஒரு பத்தியாக எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். அடுத்த வகுப்பில், அவரவர் வீட்டில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றி ஏஐ இல்லாமல் தனியே எழுதினார்கள். கடற்கரை ஊரான முட்டத்துப் பிள்ளை கிழிந்த வலையைப் பொத்துவதைப் பற்றி எழுதியிருந்ததை ஆசிரியை எனக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வாக்கியமும் கண்ணால் பார்த்தவள் எழுதியது. கட்டுரைப் பாடத்தில் மாதிரியை எழுதித்தரும் ஆளாகக் கருவியை வைக்காதே. வகுப்பே கூடி விசாரிக்கும் ஒரு வரைவைத் தருவதோடு அதன் வேலை முடியட்டும்.

தொட்டிப்பாலக் கணக்கின் நான்கு தாள்களையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் மகள் முதலில் அவற்றைத் தானே செய்து பார்க்கட்டும்; எந்த வரியை இன்னும் முன்னதாக அழித்திருக்கலாம், எதை இன்னும் ஒரு தாள் வரை விட்டுவைத்திருக்கலாம் என்று ஓரத்தில் குறித்து எனக்கு அனுப்பச் சொல். பயிற்சிக்கு எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று தெரிந்தவுடன் எழுதினால், அதற்கு வேண்டிய தாள்களை அவளும் நானும் சேர்ந்தே தயாரித்துவிடலாம். பள்ளி விடுமுறைக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்